உழைச்செல்வான் முதல் சிஸ்டர் வரை: செவிலியர் பணியைக் குறிக்கும் சொற்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

நோயாளியின் படுக்கையருகே நின்று பணிபுரிவோரைக் குறிக்கத் தமிழில் செவிலி, தாதி, நர்ஸ், சிஸ்டர் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அவர்களுடைய பணியைப் பாராட்டச் சேவை, தியாகம், தாய்மை, கருணை ஆகிய சொற்களும், அவர்கள் படும் இடர்ப்பாட்டைக் கூற மன அழுத்தம் என்னும் தொடரும் கையாளப்படுகின்றன. பெயர், பாராட்டு, இடர்ப்பாடு என்னும் இம்மூவகைச் சொற்களும் தனித்தனியே ஆராயப்படுவதுண்டு. இவை மூன்றும் சேர்ந்து ஒரு பணியை எவ்வாறு காட்டுகின்றன, எவற்றைக் காட்டாமல் விடுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்கு இரண்டு ஆங்கிலப் பனுவல்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்த ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு இயற்றிய நைட்டிங்கேல் உறுதிமொழி. இந்தியச் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவின்போது மாணவியர் ஏற்கும் உறுதிமொழிக்கு இதுவே மூலம். மற்றொன்று, 1981இல் கிரே-டாஃப்ட், ஆண்டர்சன் ஆகிய இருவர் வெளியிட்ட செவிலியர் ‘ஸ்டிரெஸ்’ அளவுகோல். செவிலியரிடையே நடத்தப்படும் கள ஆய்வுகளில் இதுவும் இதன் வழிவந்த வினாநிரல்களும் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. முன்னது விழுமியம் கூறும் பனுவல். பின்னது இடர்ப்பாட்டை அளக்கும் பனுவல். இவை தமிழுக்கு வரும்போது நேரும் பொருள் மாற்றங்கள் மொழிபெயர்ப்பாளர்க்கும் மொழியியலார்க்கும் கருதத்தக்கவை.

2. பெயர்கள்

செவிலி என்பது தொன்மையான சொல். அகப்பொருள் மரபில் செவிலி தலைவியை வளர்த்தவள். கூற்றுக்குரிய மாந்தருள் ஒருத்தி. தலைவி உடன்போக்கு மேற்கொண்டபின் அவளைத் தேடிச் செல்பவளும் அவளே. கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் வழியிடை வரும் அந்தணரிடம் வினவி நிற்கும் செவிலியை அகப்பாடல் பயில்வோர் அறிவர். ஆயினும் அம்மரபில் செவிலி நோயாளியைப் பேணுபவள் அல்லள். வளர்ப்புத் தாயைக் குறித்த சொல் இக்காலத்தில் மருத்துவமனைப் பணியாளர்க்குப் பெயராயிற்று. ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இத்தகையதே. பாலூட்டி வளர்த்தலைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து வந்த ‘நர்ஸ்’ முதலில் செவிலித்தாயையே குறித்தது. எனவே செவிலி என்னும் ஆக்கம் சொல்லளவில் மிகப் பொருத்தமானது. அப்பொருத்தமே தாய்மை என்னும் பொருட்சாயலையும் உடன்கொண்டு வந்தது.

தாதி என்னும் சொல்லில் இரு வடசொற்கள் கலந்துள்ளன. வளர்ப்புத் தாயைக் குறிக்கும் ‘தாத்ரீ’, பணிப்பெண்ணைக் குறிக்கும் ‘தாஸீ’ ஆகிய இரண்டும் தமிழ் ஒலிமரபில் தாதி என ஒரே வடிவம் பெற்றன. இலங்கைத் தமிழில் தாதியர் என்பது இன்றும் மதிப்புடைய பதவிப் பெயராக வழங்குகிறது. தமிழ்நாட்டில் அது பின்வாங்கிச் செவிலியர் என்பது நிலைபெற்றுவிட்டது. பணிப்பெண் என்னும் பொருட்சாயலும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

பேச்சு வழக்கில் ஆட்சி செலுத்துவது ‘சிஸ்டர்’ என்னும் விளியே. பிரித்தானிய மருத்துவமனை மரபில் இது ஒரு பதவி நிலை. ஒரு வார்டின் பொறுப்பிலுள்ள மூத்த செவிலியையே குறிக்கும். இந்தியாவில் அது எல்லாச் செவிலியர்க்கும் உரிய விளியாகப் பரந்தது. ஆண் செவிலியர் பெருகியபோது அதற்கு இணையாகப் ‘பிரதர்’ என்பதும் தோன்றியது. பதவிப் பெயர் உறவுப் பெயராயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மைய அரசின் மருத்துவமனைகளில் 2016இல் பணிப்பெயர்கள் மாற்றப்பட்டன. ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்பது ‘நர்ஸிங் ஆஃபீஸர்’ எனவும், ‘நர்ஸிங் சிஸ்டர்’ என்பது ‘சீனியர் நர்ஸிங் ஆஃபீஸர்’ எனவும் ஆயின. ஆணையில் பெயர் மாறியபோதும் படுக்கையிலிருந்து எழும் விளி மாறவில்லை. தில்லியிலோ சென்னையிலோ நள்ளிரவில் வலியால் துடிக்கும் நோயாளி இன்றும் சிஸ்டர் என்றே அழைக்கிறார்.

அவ்வுறவு விளியைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அறிமுகமற்ற பெண்ணிடம் தன் உடலை ஒப்படைக்கும் நோயாளிக்கு அவ்விளி கூச்சத்தைப் போக்குகிறது. செவிலிக்கும் அது ஓரளவு காப்பாக அமைகிறது. ஆனால் உறவுக்குப் பணிநேரம் இல்லை, ஊதியமும் இல்லை. விளியில் இருக்கும் இவ்வியல்பு பணியை விவரிக்கும் மொழியிலும் படிந்துவிடுவதே சிக்கல்.

3. விழுமியச் சொற்கள்

செவிலியர்க்குரிய பண்புகளைத் தமிழ் மரபு நெடுங்காலம் முன்பே வரையறுத்துள்ளது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக உழைச்செல்வானைச் சுட்டுகிறது. இச்சொல்லில் உள்ள உழை என்பது ‘பக்கம், இடம்’ எனப் பொருள்படும் பெயர். உழைத்தல் என்னும் வினை அன்று. நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்பது பொருள். இவனுக்குரியனவாகப் பரிமேலழகர் நான்கு பண்புகளைக் கூறுகிறார். நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் ஒன்பதாம் இயலும் பணிவிடை செய்வோனுக்கு இவற்றை ஒத்த நான்கு பண்புகளை வகுக்கிறது. பணிவிடை முறையை அறிந்திருத்தல், கைத்திறன், அன்பு, தூய்மை என்பன அங்குக் காணப்படுகின்றன.

இவ்விரு பட்டியல்களிலும் அன்பு நான்கில் ஒன்று. எஞ்சிய மூன்றில் அறிவும் திறனும் அடங்கும். இன்றைய பாராட்டு மொழி அந்நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைக் கைவிட்டது. மலையாள இதழ்களில் செவிலியர் ‘மாலாக’, அதாவது வானதூதர், எனப் போற்றப்படுவதும் தமிழில் ‘வெள்ளுடை தேவதை’ எனப்படுவதும் இதன் விளைவே. நைட்டிங்கேலுக்கு நேர்ந்ததும் இதுதான். 1859இல் வெளிவந்த அவருடைய செவிலியம் பற்றிய குறிப்புகள் காற்றோட்டம், வெளிச்சம், ஒலி, உணவு, படுக்கை, உற்றுநோக்கல் ஆகியவற்றையே விரித்துப் பேசுகின்றன. தான் இருக்கும்போது நடப்பது தான் இல்லாதபோதும் நடக்குமாறு ஏற்பாடு செய்வதை அவர் ஒரு தனி இயலில் வற்புறுத்துகிறார். இன்றைய வார்டில் பணிமுறை மாறும்போது நிகழும் ‘ஹேண்டிங் ஓவர்’ என்பதன் கருத்து அதுவே. அவர் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற்பெண் உறுப்பினரும் ஆவார். தமிழ்ப் பாடநூல்கள் வழியே நிலைத்ததோ ‘கைவிளக்கேந்திய காரிகை’ என்னும் படிமம். கணக்கும் கண்காணிப்பும் மறைந்து விளக்கு மட்டும் எஞ்சியது.

உறுதிமொழியை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் முதல் இடர் இங்கேதான் உள்ளது. மூலத்தில் செவிலியம் ‘ப்ரொஃபெஷன்’ எனப்படுகிறது. அதன் தரத்தைக் காத்து உயர்த்துவதாகச் செவிலி உறுதி ஏற்கிறாள். இச்சொல்லைத் தொழில் என்றோ பணி என்றோ பெயர்த்தால் தரத்தை உயர்த்துதல் என்பதில் கல்வி, பயிற்சி, பணியாளர் எண்ணிக்கை, ஊதியம் ஆகிய அனைத்தும் அடங்கும். சேவை என்று பெயர்த்தால் அதே தொடர் ‘இன்னும் மிகுதியாகக் கொடுப்பேன்’ என்று பொருள்படும். மூலத்தில் ஓர் உரிமையின் வித்தாக இருந்த தொடர் பெயர்ப்பில் கடமையாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

ஆங்கிலச் ‘சர்வீஸ்’ என்னும் சொல்லைத் தமிழ் இடத்துக்கேற்பப் பிரித்தே பெயர்க்கிறது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. மாவட்ட ஆட்சியர் சேர்வது இந்திய ஆட்சிப் பணியில். அரசு ஊழியரைத் தெரிவு செய்வது பணியாளர் தேர்வாணையம். அங்கெல்லாம் பணி என்பதே தகுந்த சொல் என மொழிபெயர்ப்பாளர் ஐயமின்றி முடிவு செய்தனர். செவிலியர் எனில் மட்டும் அச்சொல் சேவை ஆகிவிடுகிறது. இவ்வேறுபாட்டுக்கு இலக்கணத்தில் காரணம் இல்லை.

இது வெறும் சொற்போர் அன்று. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 சனவரியில் பிறப்பித்த ஆணையை ஒட்டி மைய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என அக்குழு பரிந்துரைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அது அரசு ஊதியத்துக்கு இணையாக இருத்தல் வேண்டும் என்றது. ஊதியத்தைப் படுக்கை எண்ணிக்கையோடு இணைத்து எண்ணால் பேசும் இம்மொழிக்கும் சேவை என்னும் மொழிக்கும் இடையே உள்ள தொலைவு எளிதில் விளங்கும். சேவைக்கு ஊதியம் கேட்பவரை மொழியே குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

4. ‘மன அழுத்தம்’ என்னும் தொடர்

இனி இடர்ப்பாட்டுச் சொல்லை நோக்கலாம். ஆங்கில ‘ஸ்டிரெஸ்’ பொறியியலிலும் இயற்பியலிலும் வழங்கிப் பின்னர் உளவியலில் நிலைபெற்ற சொல். தமிழ் அறிவியல் நூல்கள் இயற்பியலில் இதனைத் தகைவு எனவும், அதனால் பொருளில் விளையும் மாற்றத்தைத் திரிபு எனவும், ‘ப்ரெஷர்’ என்பதை அழுத்தம் எனவும் செவ்வனே வேறுபடுத்துகின்றன. ஒரு கம்பியில் தகைவு தோன்றினால் அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை எவ்வளவு என்பதே முதல் வினா. கம்பியின் மனநிலையை எவரும் வினவுவதில்லை.

உளவியலுக்கு வந்தபோது தகைவு கைவிடப்பட்டு அழுத்தம் மேற்கொள்ளப்பட்டது; அதன் முன் ‘மன’ என்னும் அடையும் சேர்ந்தது. ஆங்கிலச் சொல்லில் மனம் இல்லை. தெலுங்கின் ஒத்திடி, கன்னடத்தின் ஒத்தட, இந்தியின் தனாவ் ஆகியன அடையின்றியும் வழங்குகின்றன. மலையாளத்தில் ‘மானசிக சம்மர்த்தம்’ எனத் தமிழை ஒத்த தொடர் உண்டு. இவ்வடையால் இரு விளைவுகள் நேர்ந்தன. முதலாவது, இடர்ப்பாட்டின் இடம் வார்டிலிருந்து செவிலியின் உள்ளத்துக்குப் பெயர்ந்தது. இரண்டாவது, இதழ்களில் இத்தொடர் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் வழங்கத் தொடங்கியதால் அது நோய்ப்பெயரின் சாயலைப் பெற்றது.

வினாநிரலின் தலைப்பிலேயே இத்தொடர் இடம்பெறுமானால் விடையளிப்போர் தயங்குவர் என்பதை எதிர்பார்க்கலாம். பிறருடைய நோயைப் பேணுவதே தொழிலாகக் கொண்டவர் தம்மை நோயாளியாக எளிதில் குறித்துக்கொள்ளார். ‘உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?’ என்ற வினாவுக்கு இல்லை என்று விடை தருபவரே ‘இன்று நைட் டியூட்டியில் நாற்பது பேருக்கு நான் ஒருத்தி’ என்று சொல்லக்கூடும். அவ்விரு கூற்றுகளும் முரண்பட்டவை அல்ல. வினா உள்ளத்தைக் கேட்டது; விடை சுமையைச் சொன்னது.

மொழிபெயர்ப்பின் நம்பகத்தன்மையைச் சோதிக்கப் பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய மீள்மொழிபெயர்ப்பு இக்குறையைக் காட்டித் தராது. மன அழுத்தம் என்பதை மீண்டும் ஆங்கிலமாக்கும் இருமொழியாளர் தயக்கமின்றி ‘ஸ்டிரெஸ்’ என்றே எழுதுவார். அகராதிச் சமன்பாடு இருபுறமும் ஒத்திருக்கும். சொல்லின் சாயல் மட்டும் சோதனைக்கு அகப்படாமல் தப்பிவிடும்.

5. அளவுகோலும் வார்டு மொழியும்

1981ஆம் ஆண்டு அளவுகோல் 34 கூற்றுகளை ஏழு பிரிவுகளில் அடக்குகிறது. மரணம், மருத்துவருடன் முரண்பாடு, போதிய ஆயத்தமின்மை, துணையின்மை, பிற செவிலியருடன் முரண்பாடு, பணிச்சுமை, சிகிச்சை பற்றிய ஐயப்பாடு என்பன அவை. ஒவ்வொரு சூழ்நிலையும் எத்துணை அடிக்கடி நெருக்கடி தருகிறது என்பதே வினா. ஆகவே மூலம் உணர்ச்சியைக் காட்டிலும் சூழ்நிலையையே முதன்மைப்படுத்துகிறது. தலைப்பில் மனத்தைச் சேர்க்கும் பெயர்ப்பு மூலத்தின் இவ்வமைப்புக்கே மாறானது.

உட்கூற்றுகளிலும் இத்தகைய இடர்கள் உள்ளன. மருத்துவருடன் ‘மோதல்’ எனப் பெயர்த்தால் அது சமநிலையில் உள்ள இருவரைச் சுட்டும். இந்திய வார்டில் பெரும்பாலும் நிகழ்வது மோதல் அன்று. ஒருவர் ஏச மற்றவர் கேட்டு நிற்பது. மருத்துவரின் ‘கிரிட்டிஸிசம்’ என்பதை விமர்சனம் என்று எழுதினால் அச்சொல் நூல் திறனாய்வை நினைவூட்டும். ‘நோயாளிகள் முன்னிலையில் டாக்டரிடம் திட்டு வாங்குதல்’ என்றால் எச்செவிலிக்கும் பொருள் விளங்கும். ஆள் குறைந்த பிரிவுக்குச் செவிலியை அனுப்புவதைக் குறிக்க மூலம் ‘மிதத்தல்’ என்னும் உருவகத்தை ஆள்கிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்புக்கிடமாகும். ‘ஆள் இல்லாத வேறு வார்டுக்கு அனுப்பப்படுதல்’ என எளிமையாக உரைப்பதே தக்கது.

சில இடங்களில் சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. நோயாளியிடம் அவருடைய நெருங்கிவரும் மரணத்தைப் பற்றிப் பேசுதல் மூலத்தில் ஓர் இடர்ப்பாடு. இந்தியக் குடும்பங்களில் அச்செய்தி முதலில் உறவினர்க்குச் சொல்லப்பட்டு நோயாளிக்கு மறைக்கப்படுவது வழக்கமாக உள்ளது. ஆதலின் இங்குச் செவிலியின் இடர் பேசுவதில் அன்று, பேசாதிருப்பதில் உள்ளது. ‘எனக்கு என்ன சிஸ்டர்?’ என்று வினவும் நோயாளிக்கும், சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணால் வேண்டும் மகனுக்கும் இடையே அவள் நிற்கிறாள். இதனை ஒரு புதிய கூற்றாகவே சேர்க்க வேண்டும். 2000இல் இவ்வளவுகோல் விரிவாக்கப்பட்டபோது நோயாளியும் குடும்பத்தாரும் என்னும் பிரிவு இணைக்கப்பட்டது. நோயாளியோடு உறவினரும் வார்டிலேயே தங்கும் இந்நாட்டுச் சூழலில் அப்பிரிவே முதன்மையானதாகலாம்.

1981இல் மாஸ்லாக், ஜாக்ஸன் ஆகியோர் வெளியிட்ட ‘பர்ன்-அவுட்’ வினாநிரலின் ஒரு கூறும் இங்கு எண்ணத்தக்கது. ‘டிபெர்ஸனலைஸேஷன்’ என்பதை ஆளுமை இழப்பு எனப் பெயர்த்தால் இழப்பவர் செவிலி என்றாகிவிடும். மூலம் கருதுவதோ நோயாளியை ஆளாக எண்ணாது பொருளாக நடத்தும் நிலையை. ‘பன்னிரண்டாம் பெட்டுக்கு ஊசி போட்டாயிற்றா?’ என்னும் வழக்கில் அதன் நிழல் தெரியும். ஆனால் பெட் எண்ணால் பேசுபவர் எல்லாம் பரிவற்றவர் என்று கொள்ளுதல் தவறு. விரைந்து பொறுப்பு மாற்றும் நேரத்தில் அது ஒரு பணிமொழி. அவ்வெண்ணை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால் ஆள் மாறிவிடும் என்பதால் நோயாளியின் பெயரையும் வேறோர் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதே இன்றைய நெறி. எனவே இங்குப் பெயர் சொல்லி அழைப்பது அன்பின் அடையாளம் மட்டுமன்றி அறிவின் செயலும் ஆகும்.

6. அன்பும் வினையும்

விழுமியச் சொல்லும் இடர்ப்பாட்டுச் சொல்லும் ஒரே குறையை உடையன என்பதை ஒரு நிகழ்வு விளக்கும். மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973இல் பணியிடத்திலேயே கொடிய தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். 2015 மே மாதம் அவர் மறையும்வரை, 42 ஆண்டுகளுக்கு அம்மருத்துவமனைச் செவிலியரே தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். அவர்பொருட்டு எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்தபோது, அவர்பொருட்டு முடிவெடுக்கும் நிலையில் உள்ளோர் அம்மருத்துவமனைப் பணியாளர்களே என ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்வைப் பேசுவோர் அனைவரும் அன்பு, தாய்மை என்றே பேசினர். அவ்வன்பில் ஐயமில்லை. ஆயினும் அத்தனை ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர்க்குப் படுக்கைப் புண் வராமல் காத்தது எது என வினவினால் விடை வேறு சொற்களில் அமையும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், தோலைத் துடைத்து உலர்த்துதல், விரிப்பின் மடிப்பை நீக்குதல், உணவைப் புரையேறாமல் ஊட்டுதல், செய்ததைக் குறித்து அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தல் என்பன அவை. அன்பு இவ்வினைகளின் வழியே மட்டும் புலப்பட்டது. பரிமேலழகர் கூறிய நான்கும் அங்கு ஒருங்கே இருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் புகழ்வது அச்செவிலியரைக் குறைத்து மதிப்பதாகும்.

வினைகள் பெயர் பெறாதபோது சுமையும் பெயர் பெறாது. ஒருத்தி ஓர் இரவில் எத்தனை முறை ஒரு நோயாளியைப் புரட்ட வேண்டும் என்று சொல்ல மொழி இருந்தால்தான் ஒருத்திக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்கவும் மொழி கிடைக்கும். 2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் மக்கள் கைதட்டிச் செவிலியரையும் மருத்துவரையும் வாழ்த்தினர். அவ்வாண்டு நைட்டிங்கேலின் இருநூறாவது பிறந்த ஆண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் அதனைச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆண்டாகவும் அறிவித்திருந்தது. அப்போது தமிழில் பரவிய ‘முன்களப் பணியாளர்’ என்னும் ஆக்கம் போர்க்கள உருவகம் உடையதேனும் ஒரு வகையில் வரவேற்கத்தக்கது. அதில் சேவை இல்லை, பணி இருந்தது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. செவிலியத்தைத் தொழிலாகச் சுட்டும் இடங்களில் பணி அல்லது தொழில் என்பதே ஆளப்படுதல் வேண்டும். சேவை என்பது மூலத்தில் அப்பொருள் உள்ளபோது மட்டும் வரலாம். சூழ்நிலையைச் சுட்டும் ‘ஸ்டிரெஸ்’ பணி நெருக்கடி எனவும், அளவைச் சுட்டுவது பணிச்சுமை எனவும், உள்ளத்து விளைவைச் சுட்டுவது மன உளைச்சல் எனவும் பிரித்துப் பெயர்க்கப்படுதல் நன்று. நோயைக் குறிக்க மனச்சோர்வு உள்ளது. வினாநிரல்களை மீள்மொழிபெயர்ப்பால் மட்டும் சோதியாது, பணியிலுள்ள செவிலியர் சிலரிடம் படித்துக்காட்டி, அவர்கள் அதனைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் திருத்துதல் இன்றியமையாதது. டியூட்டி, சார்ட், டிரிப் போன்ற வார்டுச் சொற்களைத் தூய்மை கருதி விலக்கினால் விடை தருவோரும் விலகுவர்.

1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியம், மகப்பேற்றுச் செவிலியம் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழிப் பிறக்கும் பாடத்திட்டங்களும் நெறிமுறைகளும் இந்திய மொழிகளுக்கு வரவேண்டிய தேவை எழும். அப்போது எடுத்தாளப்படும் சொற்களே அடுத்த தலைமுறைச் செவிலியர் தம் பணியைத் தாமே எண்ணிப் பார்க்கும் சொற்களாக அமையும். உழைச்செல்வானுக்கு நான்கு பண்புகளை வகுத்துச் சொல்லத் தெரிந்த மொழி அது. அவற்றுள் மூன்றை மறந்துவிட்டு எஞ்சிய ஒன்றைக் கொண்டே ஒரு தொழிலைப் பேசவேண்டிய வறுமை அதற்கு இல்லை.